கான்பன் அட்டைக்கு நாளைய ஆர்டர் தெரியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வணிகப் பக்கத்தில் சிறுதொழில்காரர்களுக்கு என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ஸ்டாக் வைப்பது பாவம், வாடிக்கையாளர் எடுத்தால் மட்டும் அடுத்ததைச் செய்யுங்கள், கான்பன் அட்டை (எடுத்ததை மட்டும் மறுபடி செய் என்று சொல்லும் அட்டை) போடுங்கள், குடோன் காலியாகும், பணம் கையில் நிற்கும் என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. நான் வியாசர்பாடி தொழிற்பேட்டையில் ஒரு கியர் ஒர்க்‌ஷாப்பில் இருபத்திரண்டு வருடமாக பிளானிங் பார்க்கிறேன். பிளானிங் என்றால் ஏசி ரூம் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் எந்த மெஷினில் எந்த ஜாப் ஏறும் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் அது ஏன் ஏறவில்லை என்று முதலாளிக்குப் பதில் சொல்கிற வேலை.

அந்தக் கட்டுரை சொன்னதை நாங்கள் ஏற்கெனவே செய்து பார்த்தோம். ஒன்றரை வருடம். அதனால்தான் இந்தக் கடிதம்.

கான்பனை நான் திட்டப்போவதில்லை. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டிலிருந்து எடுத்த யோசனை அது. ஷெல்ஃபில் இருந்து ஆள் எடுத்தால் அந்தக் காலி இடத்தை மட்டும் நிரப்பு, எடுக்காவிட்டால் சும்மா இரு. 1950களில் தன்னுடைய மெஷின் ஷாப்பில் அவர் அதைச் செய்து காட்டினார், உலகமே பின்னால் போனது. ஆனால் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் மிச்சத்தை ஜப்பானிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அங்கே மாதத் திட்டம் மேலிருந்துதான் வரும், அதை நாள் கணக்கில் சமமாகப் பிரித்து எல்லா மாடலும் தினமும் கொஞ்சம் கொஞ்சம் ஓடுகிற மாதிரி ஆக்கிய பிறகுதான் அட்டை வேலைக்கு வரும். சப்ளையருக்கு முன்கூட்டியே மாதக் கணக்கு போய்விடும், அட்டை சொல்வது இன்றைக்கு எத்தனை, எப்போது என்பதை மட்டும்தான். அப்புறம் செட்டிங் நேரம், அதாவது ஒரு ஜாப்பிலிருந்து இன்னொன்றுக்கு மெஷினை மாற்றி அமைக்கிற நேரம். 1,000 டன் பிரஸ்ஸில் நாலு மணி நேரம் பிடித்த டை (அச்சு) மாற்றத்தை 1969இல் ஷிகேயோ ஷிங்கோ என்ற ஜப்பானிய இன்ஜினியர் முதலில் ஒன்றரை மணி நேரத்துக்கும், பிறகு மூன்றே நிமிடத்துக்கும் கொண்டுவந்தார். அப்படிச் செட்டிங் மாற்ற முடிகிறவன்தான் சின்னச் சின்ன லாட்டாக ஓட்ட முடியும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் (பெயர் வேண்டாம், இன்றைக்கும் அவர்கள் ஆர்டரில்தான் எனக்குச் சம்பளம்) தன் வெண்டர் எல்லோரும் புல் சிஸ்டத்துக்கு, அதாவது எடுத்தால் மட்டும் செய்கிற இந்த இழுப்பு முறைக்கு, மாற வேண்டும் என்று சொல்லி ஒரு கன்சல்டன்டை அனுப்பினார். நல்ல மனிதர், இஸ்திரி போட்ட சட்டை, நாலு நாள் வந்து வரைபடம் போட்டார். மஞ்சள் ட்ரே வாங்கினோம், லேமினேட் செய்த அட்டை, சுவரில் போர்டு, பச்சை மஞ்சள் சிவப்பு என்று கோடு. பார்க்கக் கோயில் திருவிழா மாதிரி இருந்தது.

அட்டைக் கணக்கு எளிதானது. ஒரு நாளைக்கு எத்தனை போகும், செய்து முடிக்க எத்தனை நாள் ஆகும், இரண்டையும் பெருக்கி, பாதுகாப்புக்குக் கொஞ்சம் சேர்த்து, ஒரு ட்ரேயில் எத்தனை பிடிக்கும் என்பதால் வகுத்தால் அட்டை எண்ணிக்கை வந்துவிடும். எங்கள் வேகமாகப் போகும் ஒரு பினியனுக்கு (சின்ன கியர்) ஒரு நாளைக்கு 30, செய்து முடிக்க எட்டு நாள், 20 சதவீதம் கூடுதல், ட்ரேக்கு 36. மொத்தம் 288 பீஸ், எட்டு அட்டை. இந்த பினியனில் அது அழகாக ஓடியது, பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் ஓடுகிறது.

ஆனால் எங்களிடம் இருப்பது 420 வகை பார்ட். அதில் தினமும் போவது பதினான்கோ என்னவோ. இன்னும் ஓர் அறுபது வகை, மாதத்துக்கு ஒரு தடவை போகும். மற்றதெல்லாம் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, துறைமுகத்துக் கிரேனுக்கு ஸ்பேர், பழைய பிரின்டிங் மெஷினுக்கு ஹெலிக்கல் கியர், எங்கேயோ ஒரு சர்க்கரை ஆலைக்கு எட்டே எட்டு பீஸ். புல் சிஸ்டத்தில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் குறைந்தது இரண்டு ட்ரே நிரம்பி நிற்க வேண்டும், ஒன்று காலியானால் மற்றதில் ஓட்டம். 420 பெருக்கல் இரண்டு, 840 ட்ரே. ட்ரேக்குச் சராசரி ஆறாயிரம் ரூபாய் சரக்கு என்று வைத்தாலும் ஐம்பது லட்சம். ஸ்டாக்கைக் குறைக்க வந்த முறை, வருடத்துக்கு ஒரு தடவை போகிற பார்ட்டுக்கும் ஸ்டாக் வை என்கிறது. இதைக் கேட்டதற்கு கன்சல்டன்ட், "அதையெல்லாம் அட்டை இல்லாமல் ஆர்டருக்குச் செய்யுங்கள்" என்றார். சரி, அப்படியே செய்தோம். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

அட்டை உள்ளது, இல்லாதது, இரண்டு கூட்டமும் கியர் பல் வெட்டும் அதே ஹாபிங் மெஷினுக்குத்தானே வரவேண்டும்! எங்களிடம் இருப்பது மூன்று. ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்ற, கட்டர், ஃபிக்ஸர், இன்டெக்ஸ் எல்லாம் மாற்றி முதல் பீஸை இன்ஸ்பெக்ஷனில் ஓகே வாங்க இரண்டு மணி, மூன்று மணி நேரம். பல் வெட்டுவதோ பீஸுக்கு நாலு நிமிடம். அட்டை போட்ட பார்ட் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் அதைத்தான் ஏற்ற வேண்டும் என்பது விதி. 36 பீஸுக்காக மூன்று மணி நேரச் செட்டிங். அது முடிவதற்குள் இன்னொரு அட்டை சிவப்பு. நடுவே அட்டையே இல்லாத கிரேன் கியர், வாடிக்கையாளர் தினம் நாலு போன் போடுகிற ஜாப், ஓரமாக நின்றுகொண்டிருக்கும். எங்கள் மேஸ்திரி ஒரு நாள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னாண்ணா, நாம கார்டுக்கு வேலை செய்றோமா, கஸ்டமருக்கு வேலை செய்றோமா?" இரண்டாவது மாதத்திலிருந்து அவர் சில அட்டைகளைத் தன் டூல் பாக்ஸில் ஒளித்து வைக்க ஆரம்பித்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் நான் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அட்டைச் சூத்திரம் எட்டு நாளை எட்டு நாளாகவே நினைத்துக்கொள்கிறது. நிஜத்தில் அந்த எட்டு நாளில் பாதிக்கு மேல் வரிசையில் நிற்கிற நேரம். வேலை ஒரே சீராக வராத இடத்தில், மெஷின் 80 சதவீதம் பிஸியாக இருந்தால் ஒரு ஜாப் தன் வேலை நேரத்தைப் போல நாலு மடங்கு வரிசையில் நிற்கும், 90 சதவீதம் என்றால் ஒன்பது மடங்கு, 95 என்றால் பத்தொன்பது மடங்கு. வரிசைக் கணக்கு படித்த எந்த இன்ஜினியரையும் கேளுங்கள். மாதக் கடைசியில் எங்கள் ஹாபிங் 95இல்தான் ஓடும். எட்டு நாள் பதினான்கு நாளாகிவிடும், அப்போது எட்டு அட்டை போதாது, பதினான்கு வேண்டும். பதினான்கு போட்டால் கூடுதல் வேலை அதே மெஷினுக்கு வந்து வரிசை இன்னும் நீளும். வால் பிடிக்கப் போய் வாலே நீண்ட கதை.

இதில் மகா கொடுமை ஹீட் ட்ரீட்மென்ட், கியரைச் சூடேற்றிக் கடினமாக்கும் வேலை. அது எங்களிடம் இல்லை, அம்பத்தூரில் ஒருவரிடம் கொடுக்கிறோம். அவருடைய ஃபர்னஸ் பிரியாணி அண்டா மாதிரி. ஒரு பிளேட் பிரியாணிக்காக யாரும் அண்டாவை அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். ஒரே ஸ்டீல் கிரேடு, ஒரே கேஸ் டெப்த் (கடினமாக்கும் மேல்தோலின் ஆழம்) உள்ள ஜாப் எல்லாம் சேர்ந்து லோடு நிரம்பினால்தான் அவர் சூடேற்றுவார், ஏற்றினால் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் கார்புரைசிங் (மேல்தோலில் கார்பன் ஏற்றுவது). நம் ட்ரே 36 பீஸோடு போய் அங்கே நாலு நாள் உட்கார்ந்திருக்கும். அட்டை என்ன செய்யும்? வியாசர்பாடிப் போர்டில் சிவப்பில் நின்றுகொண்டு கத்தும், அவ்வளவுதான். வியாழக்கிழமைதான் எங்கள் லோடு வண்டி அம்பத்தூர் போகும் என்று ஒரு ஏற்பாடு இருந்ததை, புல் என்று சொல்லி தினமும் ஆக்கினோம், டீசல் செலவு ஏறியது, ஜாப் வந்து சேர்ந்த நாள் ஒன்றும் மாறவில்லை.

டிராயிங் மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஷாஃப்டில் கீவே என்கிற பள்ளத்தின் அகலம் மாறி புது ரிவிஷன் வந்தது. மூன்று ட்ரே பழையது நிரம்பி நின்றது, அட்டை விதிப்படி மிகச் சரியாக. எல்லாம் ஸ்கிராப். ஆர்டருக்குச் செய்திருந்தால் ஒரு பீஸ் மிஞ்சியிருக்காது. அட்டைக்குத் தெரிந்ததெல்லாம் நேற்று எவ்வளவு எடுத்தார்கள் என்பது. நாளைக்கு டிராயிங் மாறப்போகிறது, அடுத்த மாதம் பூஜைக்கு முன் இரண்டு மடங்கு போகும், இந்த மாடலையே நிறுத்தப்போகிறார்கள் என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலிருந்து 2018இல் முதல் வந்தே பாரத் ரயில் வெளியே வந்ததே, அந்த மாதிரி முதன்முதலாகச் செய்கிற ஒன்றுக்கு நேற்று என்பதே கிடையாது. யார் எடுத்ததை நிரப்ப அட்டை போடுவது? அதற்கு உட்கார்ந்து, பாகப் பட்டியலை விரித்து, எது எப்போது வேண்டும் என்று பின்னாலிருந்து எண்ணி வரத்தான் வேண்டும். அதைத் தள்ளு முறை, பழைய முறை என்று கேலி செய்வது சுலபம்.

பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் பக்கம் அத்தோ கடையில் சாப்பிட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு நாள் போங்கள். நூடுல்ஸ் வேகவைத்து, முட்டைகோஸ் சீவி, வெங்காயம் பொரித்து, புளித்தண்ணீர் கலந்து எல்லாம் சாயங்காலமே தயார். எவ்வளவு வேகவைப்பது என்பது கடைக்காரரின் கணிப்பு: சனிக்கிழமையா, மழை வருமா, மாத முதல் வாரமா. அது முழுக்கத் தள்ளு. நீங்கள் போய் நின்று காரம் கம்மி என்று சொன்ன பிறகுதான் கையால் பிசைந்து தட்டில் வைப்பார். அது முழுக்க இழுப்பு. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பாத்திரங்கள் இருக்கின்றன பாருங்கள், எல்லா சாமர்த்தியமும் அங்கேதான். ஆள் வந்த பிறகுதான் நூடுல்ஸ் வேகவைப்பேன் என்று அவர் கொள்கை பேசினால், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவோம். எல்லாத் தட்டையும் முன்னாலேயே பிசைந்து வைத்தால் நமத்துப்போகும். எது வரைக்கும் கணிப்பு, எங்கிருந்து ஆர்டர் என்று கோடு கிழிப்பதுதான் பிளானிங். உங்கள் கட்டுரையில் அந்தக் கோடே இல்லை.

எங்கள் ஊர் ரோட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர் வரிசை எந்த நாள் எவ்வளவு நீளம் என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை குளமாகிவிடும், வியாசர்பாடி அந்தப் பக்கம் துண்டாகிவிடும். கனரக வண்டிக்கு நகருக்குள் பகல் நேரக் கட்டுப்பாடு வேறு. ஒரகடத்தில் வாங்குகிற ஆலைகள் இரண்டு மணி நேர ஜன்னல் கொடுத்து அதற்குள் சரக்கு வர வேண்டும் என்கிறார்கள். இரண்டு மணி நேரம் சில நாள் எங்களுக்கு மூலக்கடை தாண்டவே போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தபோது எங்கள் கியர் ஃபர்னஸ் வாசலிலேயே பத்து நாளுக்கு மேல் மாட்டிக்கொண்டது. அந்தப் பத்து நாளும் எங்களைக் காப்பாற்றியது, கன்சல்டன்ட் பார்த்தால் முகம் சுளித்திருக்கும் ஒரு ரேக், அதில் ஹார்டனிங் முடித்து வைத்திருந்த இரண்டு வாரச் சரக்கு.

டொயோட்டாவுக்கே இது நடந்திருக்கிறது. 1997 பிப்ரவரி 1ஆம் தேதி, கரியா நகரில் இருந்த, டொயோட்டாவுக்கு உதிரிபாகம் செய்யும் ஐசின் கம்பெனியின் ஆலை ஒன்று தீயில் எரிந்தது. பிரேக்குக்குப் போகும் சின்ன வால்வ், கையடக்கப் பொருள், ஏறக்குறைய டொயோட்டாவுக்கு வேண்டியது முழுக்க அங்கேதான் செய்தார்கள். கையில் இருந்த ஸ்டாக் சில மணி நேரத்துக்குத்தான். ஜப்பானில் டொயோட்டாவின் ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே நின்றன. சுற்றியிருந்த இருநூறு கம்பெனி அளவுக்கு, தையல் மெஷின் செய்கிறவர்கள் கூட, இறங்கி அந்த வால்வைச் செய்து கொடுத்து ஒரு வாரத்துக்குள் நிமிர்த்தினார்கள். அந்த ஒற்றுமையை நான் மெச்சுகிறேன், ஆனால் நம் பேட்டையில் ஒரு கியர் கடை எரிந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டா செய்தது இன்னும் முக்கியம்: சிப் சப்ளையர்களை இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஸ்டாக் வைக்கச் சொன்னார்கள். பத்து வருடம் கழித்து உலகம் முழுக்க சிப் பஞ்சம் வந்தபோது, மற்றவர்கள் லைனை நிறுத்திக்கொண்டிருந்த ஆரம்ப மாதங்களில் அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அந்த முறையைக் கண்டுபிடித்தவனே எந்தப் பொருளுக்கு அது பொருந்தாது என்று பார்த்து மாற்றிக்கொண்டான், நாம் இன்னும் லேமினேட் அட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

கடைசியில் ஒரு வயிற்றெரிச்சல். பெரிய ஆலை ஸ்டாக்கை ஒழித்துவிட்டது என்று சொல்லும்போது அந்த ஸ்டாக் எங்கே போகிறது? எங்களிடம். அவர்கள் லைனுக்குப் பக்கத்தில் ஒரு வாடகைக் குடோன், அதில் எங்கள் செலவில் பதினைந்து நாள் சரக்கு, அவர்கள் இழுத்தால்தான் பில். சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. வாங்குகிறவர் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் அந்த 45 நாள் ஓட ஆரம்பிக்கும். குடோனில் பதினைந்து நாள் தூங்கிய நாட்களுக்கு யார் வட்டி கட்டுவது? லைன் நின்றால் டெபிட் நோட் (நஷ்டத்தை எங்கள் கணக்கில் கழிக்கும் சீட்டு) மட்டும் நிமிடக் கணக்கில் எங்களுக்கு வரும். இந்த வசதிக்கும் புல் சிஸ்டம் என்றுதான் பெயர்.

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். போல்ட், இன்சர்ட், கூலன்ட், கையுறை எல்லாம் இரண்டு ட்ரே முறைதான், அதில் கைவைக்கவே இல்லை. வேகமாகப் போகும் பதினான்கு பார்ட்டுக்கு அட்டை. மற்றதற்கெல்லாம் அட்டையைப் பார்ட்டின் பேரில் போடுவதில்லை. மூன்று ஹாபிங்குக்கும் முன்னால் மொத்தம் இத்தனை மணி நேர வேலைக்கு மேல் நிற்கக்கூடாது என்று ஒரு வரம்பு, ஒரு ஜாப் முடிந்து வெளியே போனால்தான் அடுத்தது ஷாப்புக்குள் வரும், எது வரும் என்பதை ஆர்டர் தேதி பார்த்து நான் சொல்வேன். இதற்கு கான்விப் என்று பெயர், 1990இலேயே ஆராய்ச்சிக் கட்டுரை வந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நம் நாட்டிலிருந்து போய் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ராஜன் சூரி இன்னொன்று சொல்லியிருக்கிறார், போல்கா என்று. அதிலும் அட்டை உண்டு, ஆனால் அது இந்தப் பார்ட்டைச் செய் என்று சொல்லாது, அடுத்த செல்லில் (மெஷின் குழுவில்) உனக்கு இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எங்களை மாதிரி தினம் ஒரு வகை கியர் செய்கிற கடைக்காகவே யோசித்த மாதிரி இருக்கிறது. அம்பத்தூர் ஃபர்னஸ்காரரோடு சேர்ந்து அதை முயன்று பார்க்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம், அவர் இன்னும் பிடி கொடுக்கவில்லை. ஹாபிங் செட்டிங்கைக் குறைக்க மேஸ்திரி இரண்டு ஃபிக்ஸரை மாற்றியதில் மூன்று மணி நேரம் ஒன்றேகால் ஆகியிருக்கிறது, அட்டை போட்டு ஒன்றரை வருடத்தில் கிடைக்காத நிம்மதி அதில் கிடைத்தது.

அடுத்த தடவை இப்படி ஒரு கட்டுரை போடும்போது, வாங்குகிற ஆலையை மட்டும் கேட்காமல் விற்கிற வெண்டரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். எழுதியவர் நேரில் வந்தால் ஷாப்பைச் சுற்றிக் காட்டுகிறேன், டீயும் உண்டு. வியாழக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு மறுபடியும் லோடு வண்டி அம்பத்தூர் போகிறது, நான் காலையிலிருந்து டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) எழுதிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
கியர் ஒர்க்‌ஷாப் பிளானர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை.